முதுமையும் பொறுப்பும்: சிங்கப்பூர்த் தமிழ் மூத்தோரை முன்வைத்துச் சில சிந்தனைகள்

புறநானூற்றின் 191ஆம் பாடலை ஆசிரியர்கள் நன்கு அறிவர். வடக்கிருந்த கோப்பெருஞ்சோழனைத் தேடிப் பாண்டிய நாட்டிலிருந்து வந்து சேர்ந்த பிசிராந்தையாரிடம், ஆண்டுகள் பல கடந்தும் உமக்கு நரை தோன்றாதது எங்ஙனம் என்று அங்கிருந்த சான்றோர் வினவினர். அவர் தந்த விடையே அப்பாடல். அதில் மூலிகை எதுவும் இல்லை. உண்ணும் முறை பற்றியோ உறங்கும் முறை பற்றியோ ஒரு சொல்லும் இல்லை. நல்ல மனைவி, அறிவுடைய பிள்ளைகள், தம் எண்ணத்தைப் புரிந்து நடக்கும் பணியாளர், நெறி தவறாத அரசன், இவற்றோடு தம் ஊரில் வாழும் பண்பட்ட பெரியோர் பலர் எனத் தம்மைச் சுற்றியுள்ள மனிதர்களையே அவர் ஒவ்வொருவராகச் சுட்டுகிறார்.

நரையைப் பொறுத்தவரை இவ்விடையை மருத்துவர் எவரும் ஏற்கமாட்டார். நரைப்பது பெரும்பாலும் மரபணு சார்ந்தது. ஆனால் நரையை விட்டுவிட்டு முதுமையை எடுத்துக்கொண்டால், கடந்த அரை நூற்றாண்டு ஆராய்ச்சி பிசிராந்தையார் காட்டிய திசையிலேயே நெடுந்தொலைவு சென்றிருக்கிறது. ஒருவர் முதுமையில் எழுந்து நடமாடுவதும் தெளிவாகச் சிந்திப்பதும் அவருடைய உடலை மட்டுமோ அவருக்குக் கிடைக்கும் பராமரிப்பை மட்டுமோ பொறுத்தவையாக இல்லை. அவரை எதிர்பார்த்து ஒருவர் காத்திருக்கிறாரா என்பதையும் பொறுத்தே அவை அமைகின்றன. இவ்வுரையில் நான் விளக்க முற்படுவது இதைத்தான்.

காலை ஏழு மணிக்கு லிட்டில் இந்தியாவிலுள்ள தேக்கா நிலையத்திற்குச் சென்று பாருங்கள். கீழ்த்தளத்து ஈரச்சந்தையில் கீரைக்கட்டு வாங்க வருவோரில் பாதிப்பேர் மூத்தோர். பீஷானிலிருந்தும் ஈசூனிலிருந்தும்கூட எம்ஆர்டி ஏறி வருகின்றனர். அவர்கள் வாழும் வட்டாரத்துச் சந்தையில் முருங்கைக்காய் கிடைக்காமல் இல்லை. ஒரு கட்டு வெந்தயக்கீரை வாங்க ஒரு மணி நேரம் ஏன் செலவழிக்க வேண்டும் என்று மருமகள்மார் கேட்பதும் உண்டு. கடைக்காரர் பெயர் சொல்லி அழைக்கிறார். முட்டிவலி எப்படி இருக்கிறது என்று கேட்கிறார். நேற்று ஏன் வரவில்லை என்று கடிந்துகொள்கிறார். கீரையோடு சேர்த்து அவர்கள் வாங்கிச் செல்வது இந்தக் கடிந்துகொள்ளலையும்தான். அதன் பொருட்டு நடக்கின்றனர், படி ஏறுகின்றனர், கைப்பையைத் தூக்குகின்றனர், சில்லறையை எண்ணுகின்றனர். எந்த உடற்பயிற்சி வகுப்பிலும் சேராமலேயே உடலும் மூளையும் ஒரு காலைப்பொழுதில் செய்யவேண்டிய வேலையைச் செய்துவிடுகின்றன.

இனி எண்களைச் சற்றே பார்த்துவிடுவோம். நாடு விடுதலை பெற்ற காலத்தில் சிங்கப்பூரரின் சராசரி ஆயுள் ஏறத்தாழ 65 ஆண்டு. இன்று அது 83 ஆண்டையொட்டி உள்ளது. 2010ஆம் ஆண்டளவில் குடிமக்களில் பத்தில் ஒருவர் 65 வயதைக் கடந்திருந்தார். 2030க்குள் நான்கில் ஒருவர் அவ்வாறு இருப்பார் என்பது அரசின் கணிப்பு. ஓய்வு வயதும் அதற்கேற்ப நகர்ந்து வந்திருக்கிறது: நெடுங்காலம் 55ஆக இருந்தது, 1993இல் 60, 1999இல் 62, 2022 ஜூலையில் 63. மறுவேலை நியமன வயது அதே 2022இல் 68 ஆனது. 2026 ஜூலை முதல் இவை 64, 69 என அறிவிக்கப்பட்டன.

கவலை தரும் எண் வேறொன்று. 2017ஆம் ஆண்டுக் கணக்கீட்டின்படி சிங்கப்பூரரின் சராசரி ஆயுள் 84.8 ஆண்டு, நோயின்றி நலமாக வாழும் ஆண்டுகள் 74.2. எஞ்சிய பத்தாண்டுக்கு மேற்பட்ட காலம் ஏதேனும் ஒரு நோயோடும் இயலாமையோடும் கழிகிறது. ஆயுளை நீட்டுவதில் வென்ற நாம் இந்தப் பத்தாண்டைக் குறைப்பதில் அவ்வளவாக வெல்லவில்லை.

தசை மறப்பதில்லை

அந்தப் பத்தாண்டில் என்ன நடக்கிறது? பலரும் இதய நோயையும் புற்றுநோயையும் எண்ணி அஞ்சுகின்றனர். ஆனால் ஒரு மூத்தவர் தாமாக வாழும் நிலையிலிருந்து பிறரைச் சார்ந்து வாழும் நிலைக்குச் செல்வது பெரும்பாலும் மிக எளிய ஒரு செயலில் தெரிந்துவிடும்: கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடியாமல் போவது. தொடைத் தசையின் வலிமை குறைந்ததே காரணம். முப்பது வயதைத் தாண்டியதும் பத்தாண்டுக்கு மூன்று முதல் எட்டு விழுக்காடு வரை தசை குறைகிறது. அறுபதுக்குமேல் அந்த இழப்பு விரைவாகிறது. இதை இயற்கை என்று விட்டுவிடுவதுதான் நெடுங்கால வழக்கமாக இருந்தது.

1990இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகர முதியோர் மருத்துவமனை ஒன்றில் நடந்த சோதனை அந்த எண்ணத்தை மாற்றியது. மரியா ஃபியடரோன் என்னும் மருத்துவரும் அவருடைய குழுவினரும் சராசரியாக 90 வயதான, நலிந்த பத்துப் பேரைத் தேர்ந்து, எட்டு வாரம் கால்களுக்கு எடைப் பயிற்சி அளித்தனர். மெல்லக் கையசைக்கும் பயிற்சியன்று. உண்மையாகவே கடினமான பயிற்சி. ஒருவர் இடையில் விலகிக்கொள்ள, ஒன்பது பேர் முடித்தனர். அவர்களுடைய கால் வலிமை சராசரியாக 174 விழுக்காடு கூடியது. தொண்ணூறு வயதிலும் தசை தன் வேலையை மறப்பதில்லை என்பது அன்று உறுதியானது. உலகச் சுகாதார நிறுவனம் இன்று மூத்தோருக்குப் பரிந்துரைப்பது வெறும் நடைப்பயிற்சியை மட்டுமன்று. வாரத்திற்கு 150 நிமிடமேனும் மிதமான உடலியக்கம், இரண்டு நாள் தசைக்கு வலிமை தரும் பயிற்சி, மூன்று நாள் உடலின் சமநிலையைக் காக்கும் பயிற்சி ஆகிய மூன்றும் வேண்டும் என்கிறது. நம்மவர் முதலாவதை ஓரளவு செய்கின்றனர். மற்ற இரண்டையும் இளைஞர்க்குரியவை என்று ஒதுக்கிவிடுகின்றனர்.

தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் தனி அக்கறை வேண்டும். உணவிலிருந்து குருதியில் சேரும் சர்க்கரையின் பெரும்பகுதியை உள்வாங்குவது தசையே. தசை குறைந்தால் சர்க்கரை தங்கும். சிங்கப்பூர் இந்தியரிடையே நீரிழிவு சீனரைவிட மிகுதி என்பதைச் சுகாதார அமைச்சின் கணக்கெடுப்புகள் தொடர்ந்து காட்டிவருகின்றன. இரவில் ஒரு குவளைத் தேநீரும் இரண்டு ரொட்டித்துண்டும் போதும் என்று முடித்துக்கொள்ளும் மூத்தோர் நம் வீடுகளில் பலர். வயிறு கேட்காவிட்டாலும் தசைக்குப் பருப்பு, முட்டை, மீன், தயிர் என ஏதேனும் ஒரு வடிவில் புரதம் தேவைப்படுகிறது.

இவற்றையெல்லாம் அறிந்திருந்தும் ஏன் பலர் செய்வதில்லை? காலையில் எழ ஒரு காரணம் இல்லாதவரிடம் உடற்பயிற்சியின் நன்மையை விளக்குவதில் பயன் குறைவு. எதற்காக வலிமை என்ற வினாவுக்கு முதலில் விடை வேண்டும்.

ஒரு பூச்செடியும் ஒரு வருகையும்

1976இல் எலன் லாங்கர், ஜூடித் ரோடின் என்னும் இரு உளவியலாளர்கள் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்து முதியோர் இல்லம் ஒன்றில் ஒரு சோதனை செய்தனர். ஒரு தளத்தில் இருந்தோரிடம், உங்கள் அறையை எப்படி அமைப்பது, எப்போது படம் பார்ப்பது என்பன உங்கள் முடிவு என்று கூறி, ஆளுக்கொரு செடியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி, நீர் ஊற்றிக் காக்கும் பொறுப்பையும் ஒப்படைத்தனர். மற்றொரு தளத்தில் இருந்தோருக்கும் செடி கிடைத்தது. ஆனால் தாதியர் பார்த்துக்கொள்வார்கள் என்று கூறப்பட்டது. மூன்று வாரத்தில் முதல் தளத்தார் கூடுதல் விழிப்போடும் சுறுசுறுப்போடும் காணப்பட்டனர். பதினெட்டு மாதம் கழித்துப் பார்த்தபோது இரண்டாம் தளத்தில் இறந்தோர் விழுக்காடு 30. முதல் தளத்தில் 15. நூற்றுக்கும் குறைவானவர்களிடம் நடந்த சிறு சோதனை என்பதால் இந்த இறப்புக் கணக்கை அளவுக்கு மீறிப் பெரிதாக்கக் கூடாது. எனினும் அது எழுப்பும் வினாவை நான் விடமாட்டேன்: அன்பு மிகுதியால் நாம் மூத்தோரிடமிருந்து எத்தனை செடிகளைப் பறித்துக்கொள்கிறோம்? அம்மா, நீங்கள் உட்காருங்கள், பணிப்பெண் செய்துகொள்வாள். அப்பா, வங்கி வேலையை நான் கைப்பேசியிலேயே முடித்துவிடுகிறேன். ஒவ்வொன்றும் பரிவோடு சொல்லப்படுவதே. பத்து ஆண்டு இப்படியே சொல்லி முடிக்கும்போது, அவர் உட்கார்ந்தே இருக்கிறார்.

அதே ஆண்டுகளில் ரிச்சர்ட் ஷுல்ஸ் என்பவர் செய்த ஆய்வு பள்ளி ஆசிரியர்களுக்கு இன்னும் நெருக்கமானது. மாணவர்கள் முதியோர் இல்லத்திற்குச் சென்று மூத்தோரைச் சந்தித்தனர். எப்போது வரவேண்டும் என்பதைத் தாமே முடிவு செய்த மூத்தோரும், வருகையை முன்கூட்டியே அறிந்திருந்த மூத்தோரும், எதிர்பாரா நேரத்தில் சந்திக்கப்பட்டவரைவிட நலமாக இருந்தனர். இதுவரை மகிழ்ச்சியான செய்தி. இரண்டு மாதத்தில் ஆய்வு முடிந்தது, வருகையும் நின்றது. பின்னர் மீண்டும் பார்த்தபோது, மிகுதியாகப் பயன்பெற்ற அவர்களே மிகுதியாகச் சரிந்திருந்தனர். தீபாவளிக்கு ஒருமுறை அன்பளிப்புப் பையோடு மாணவரை அழைத்துச் சென்று, பாட்டுப் பாடி, படம் எடுத்துத் திரும்பும் நாம் இதை ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும். ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில் நானும் அப்படி அழைத்துச் சென்றவன்தான்.

சிங்கப்பூரில் வசதிகளுக்குக் குறைவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். 2015இல் வெற்றிகரமான முதுமைக்கான செயல்திட்டம் 3 பில்லியன் வெள்ளி ஒதுக்கீட்டில் தொடங்கியது. 2023இல் மேலும் ஆரோக்கியமான எஸ்ஜி, ஏஜ் வெல் எஸ்ஜி ஆகிய திட்டங்கள் வந்தன. வீவக குடியிருப்புகளின் கீழ்த்தளங்களில் துடிப்பாக மூப்படையும் நிலையங்கள் பெருகியுள்ளன. (இந்தத் தொடர் என் காதுக்கு இன்னும் பழகவில்லை. மூப்பு என்ற சொல்லே ஒருகாலத்தில் தலைமையைக் குறித்தது. மூப்பர் என்றால் ஊரை நடத்துபவர். ஓய்வு என்ற சொல்தான் ஓய்ந்துபோதலிலிருந்து வந்தது.) இந்நிலையங்களில் பல நல்ல பணிகள் நடக்கின்றன. குறை என்று நான் காண்பது ஒன்று: சில இடங்களில் மூத்தவர் பார்வையாளராகவே இருத்தப்படுகிறார். ஒரு நிலையத்தில் இருபது பேர் மாண்டரின் பாடலுக்குக் கையசைத்துக்கொண்டிருக்க, தமிழ் மூதாட்டி ஒருவர் சுவரோரம் அமர்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எவரும் அவரை ஒதுக்கவில்லை, புன்னகையோடுதான் பழகினர். ஆனால் அவரிடம் கேட்பதற்கு அங்கே எவருக்கும் எதுவும் இல்லை.

இதற்கு நேர்மாறான வாழ்வுகளும் இந்நகரில் உண்டு. 1955இல் கேரளத்திலிருந்து வந்து, கணவர் கே.பி. பாஸ்கருடன் இணைந்து நடனப்பள்ளியை வளர்த்த சாந்தா பாஸ்கர் 1990இல் கலாசாரப் பதக்கம் பெற்றார். அதற்குப் பின்னும் முப்பதாண்டுக்கு மேல் புதிய நடனங்களை அமைத்தார். 2022 பிப்ரவரியில் 82 வயதில் மறையும்வரை அவருடைய பணி நிற்கவில்லை. 1965இல் நலிந்த முதியோருக்கு இல்லம் தொடங்கிய தெரசா சூ 69ஆம் வயதில் யோகாசனம் கற்கத் தொடங்கினார். 2011இல் 113 வயதில் மறைந்தார் என்பது பதிவு. தம்மைவிடப் பல ஆண்டு இளைய முதியோருக்கு அவர் உணவுப்பொருள் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தார். இத்தகையோரை எடுத்துக்காட்டுவதில் ஓர் இடர் உண்டு. அவர்கள் மேதைகள், நாம் எங்கே என்று கேட்போர் ஒதுங்கிவிடலாம். நான் சுட்ட விரும்புவது அவர்களுடைய திறமையை விட அவர்களுடைய நாட்குறிப்பை: நாளைக் காலை ஒரு மாணவி ஒத்திகைக்கு வருவாள், நாளை மறுநாள் ஒரு முதியவர் அரிசிக்குக் காத்திருப்பார். தேக்காவில் கீரை வாங்கும் மூதாட்டியின் நாட்குறிப்பும் அளவில் சிறியதே ஒழிய, தன்மையில் வேறானதன்று.

மொழி என்னும் பொறுப்பு

இந்த அரங்கிற்குரிய செய்திக்கு இப்போது வருகிறேன். 2013இல் ஹைதராபாத்தில் சுவர்ணா அல்லாடியும் அவருடைய குழுவினரும் மறதிநோயுற்ற 648 பேரின் பதிவுகளை ஆராய்ந்தனர். ஒரு மொழி மட்டும் பேசியவர்களைவிட இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மொழி பேசியவர்களுக்கு அந்நோய் நாலரை ஆண்டு தாமதமாகவே தோன்றியிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் இவ்வேறுபாடு காணப்பட்டதால், கல்வியை மட்டும் காரணமாகச் சொல்லி அதைத் தள்ளிவிட இயலவில்லை. தெலுங்கு, உருது, இந்தி, ஆங்கிலம் என நாள்தோறும் மொழி மாற்றிப் பேசும் நகரம் அது. தமிழும் மலாயும் ஆங்கிலமும் கொஞ்சம் ஹொக்கியனும் கலந்து பேசி வளர்ந்த நம் முன்னோடித் தலைமுறையினர் அதற்குச் சற்றும் இளைத்தவர் அல்லர். பிற நாடுகளில் நடந்த ஆய்வுகள் சில இந்த அளவுக்கு வேறுபாட்டைக் காணவில்லை; விவாதம் தொடர்கிறது. ஆயினும் பேச்சு முதுமைக்குத் தேவை என்பதில் ஐயமில்லை. 2024இல் லான்செட் ஆய்வுக்குழு மறதிநோய்க்குரிய, நாம் மாற்றக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டது. கேட்கும் திறன் குறைதலும் தனிமைப்படுதலும் அவற்றுள் அடங்கும். இரண்டும் ஒன்றையொன்று வளர்ப்பவை. காது கேளாதவர் பேச்சைத் தவிர்ப்பார். பேச ஆளில்லாதவர் காதைச் சரிசெய்துகொள்ள மாட்டார்.

இனி நம் வீடுகளைப் பாருங்கள். 2010ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் ஆங்கிலத்தை முதன்மையாகப் பேசுவோர் 32.3 விழுக்காடு, 2020இல் 48.3. தமிழை அவ்வாறு பேசுவோர் 3.3 விழுக்காட்டிலிருந்து 2.5 ஆகக் குறைந்தனர். இதை மொழியின் இழப்பாகவே எப்போதும் பேசுகிறோம். இது மூத்தோரின் நலத்துக்கும் இழப்பு. பேரப்பிள்ளைகள் ஆங்கிலத்தில் உரையாட, தாத்தாவும் பாட்டியும் சாப்பாட்டு மேசையில் விருந்தாளிகளாகின்றனர். அவர்களிடம் உள்ளவற்றுள் மிகச் செழிப்பான உடைமை எதுவோ அதற்கு வீட்டில் கேட்பார் இல்லை. மறுபுறம், தமிழ் வாய்மொழித் தேர்வுக்கு மாணவர்கள் பேசிப் பழக ஆளின்றித் தவிக்கின்றனர். துணைப்பாட வகுப்புக்குப் பெற்றோர் பணம் செலுத்துகின்றனர். ஒரே வீட்டின் இரண்டு அறைகளில் இரண்டு தேவைகள் கதவை மூடிக்கொண்டு இருக்கின்றன.

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 1990களின் இறுதியில் லிண்டா ஃபிரீட் என்னும் முதியோர்நல மருத்துவரும் அவரோடு பணியாற்றியோரும் அறுபது வயதைக் கடந்தவர்களைத் தொடக்கப்பள்ளிகளில் வாரத்திற்கு 15 மணி நேரம் சிறுவருக்கு வாசிப்புத் துணையாக அமர்த்தினர். உடற்பயிற்சித் திட்டம் என்று அழைத்திருந்தால் வராத பலர், குழந்தைகளுக்கு உதவி என்றதும் வந்தனர், நடை கூடியது, சிந்தனைத் திறன் மேம்பட்டது. நமக்கு அத்தகைய பெரிய ஏற்பாடு உடனே கைகூடாமல் போகலாம். ஆனால் ஒரு தமிழாசிரியர் தம் வகுப்பறையிலிருந்தே தொடங்கக்கூடியது ஒன்று உண்டு.

1979இல் தொடங்கிய தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பிரிவு தமிழிலும் நேர்காணல்களைப் பதிவு செய்துள்ளது. அதே முறையைச் சிறிதாக்கி, மாணவர் ஒவ்வொருவரும் ஒரு மூத்தவரைப் பத்து வாரம், வாரம் ஒருமுறை, குறித்த நேரத்தில் சந்திக்கட்டும். சொந்தத் தாத்தா பாட்டி இல்லாதோர் அண்டை வீட்டாரை அணுகலாம். பத்தாம் வாரத்தோடு உறவை அறுத்துவிடக் கூடாது என்பது ஷுல்ஸ் ஆய்வு தரும் எச்சரிக்கை; நின்றுவிடும் என்றால் தொடங்காமலிருப்பதே மேல். வினாக்கள் பொதுவாக இருத்தல் கூடாது. அக்காலத்தில் வாழ்க்கை எப்படி இருந்தது என்று கேட்டால் கஷ்டம்தான் என்ற ஒரு சொல்லோடு விடை முடிந்துவிடும். என்ன கருவியைப் பிடித்து வேலை செய்தீர்கள், அதற்கு என்ன பெயர், அந்தத் தெருவை நீங்கள் எப்படி அழைத்தீர்கள் என்று கேட்க வேண்டும். சிராங்கூன் சாலைப் பகுதியைத் தமிழர்கள் சுண்ணாம்புக் கம்பம் என்றழைத்ததும், மூங்கிலடி என்று பொருள்படும் ஹொக்கியன் சொல்லிலிருந்து தேக்கா வந்ததும், மார்க்கெட் ஸ்திரீட்டில் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்ததும் அப்படிக் கேட்டவர்களால்தான் இன்று எழுத்தில் உள்ளன.

சில ஆண்டுகளுக்கு முன் உயர்நிலை இரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவனுக்கு இப்பணியைக் கொடுத்தேன். அவனுடைய தாத்தா செம்பவாங் கடற்படைத் தளத்தில் இளமையில் வேலை பார்த்தவர். வீட்டில் அதிகம் பேசாதவர். முதல் வாரம் அவன் கொண்டுவந்தது அரைப்பக்கம். இரண்டாம் வாரம் தாத்தா கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையின் படத்தை ஒரு நாட்காட்டியின் பின்புறம் வரைந்திருந்தார். நான்காம் வாரம் அவன் பதினேழு சொற்களின் பட்டியலோடு வந்தான். அவற்றில் பாதிக்குமேல் எனக்கும் தெரியாதவை. அதற்கடுத்த சனிக்கிழமை அவன் வீட்டுக்கு நானும் சென்றேன். தாத்தா முகம் மழித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு மின்தூக்கி அருகிலேயே நின்றிருந்தார். மூன்றாண்டாக மேசையறையில் கிடந்த செவிப்புலன் கருவி அவர் காதில் இருந்தது. பையன் மெல்லப் பேசுகிறான், சில கேள்விகள் எனக்குச் சரியாக விழவில்லை, அதனால் மகனிடம் சொல்லி மின்கலம் வாங்கி வரச் செய்தேன் என்றார்.